கெட்டிக்கிற கோலை நார் பார்த்து வாங்குங்கள்

குழலின் வாய்வழியே வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளை அமெரிக்காவில் இன்றும் பலர் ஆசையாக வைத்திருந்து சுடுகிறார்கள். இதற்காகவே 1933-இல் தொடங்கிய ஒரு சங்கம், இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகள் நடத்திவருகிறது. புதிதாக இதில் இறங்குபவர்கள் துப்பாக்கியை அலசி ஆராய்ந்து வாங்குவார்கள். மருந்தைக் கெட்டிக்க, குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கோலை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். உடைந்தால் உள்ளங்கையைக் கிழிப்பது அந்தக் கோல்தான்.

பழைய பாணித் துப்பாக்கிக்கு ஹிக்கரி மரக்கோல்தான் பொருத்தம். வலுவான மரம், வளைந்தும் கொடுக்கும். ஆனால் ஹிக்கரி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கோலை வெளிச்சத்தில் பிடித்து, மெல்ல உருட்டிக்கொண்டே நாரைப் பாருங்கள். ஒரு நுனியில் தொடங்கும் நார் மறு நுனிவரை ஓட வேண்டும். நடுவில் எங்காவது சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் கோல் அந்தச் சாய்விலேயே பிளக்கும். ஈட்டி முனைபோல நீளமாகக் கூர்ந்து நிற்கும் அந்தப் பிளவு, அழுத்திக்கொண்டிருக்கும் கைக்குள் நேராக ஏறிவிடும். மரத்தை நார்வழியே பிளந்து எடுத்துச் செதுக்கிய கோலில் இந்தப் பயம் குறைவு. ரம்பத்தால் அறுத்த கோல் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். மரக்கடையில் கிடைக்கும் சாதாரண உருட்டுக்குச்சி வேண்டவே வேண்டாம்.

கோல் எவ்வளவு நல்லதானாலும், குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் விட்டுப் பிடித்துச் சிறுகச் சிறுகத் தள்ளுங்கள். முகமும் உடம்பும் குழல்வாய்க்கு நேரே வரக்கூடாது.

தடிமனையும் பாருங்கள். .50 அளவுக் குழலின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர், அதற்கு 9.5 மில்லிமீட்டர் கோல் சரியாக இருக்கும். நுனியிலுள்ள பித்தளைப் பூணை வெறும் பசையால் ஒட்டியிருந்தால் போதாது, குறுக்கே ஆணி அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால், கோல் உள்ளே சிக்கும் நாளில் மரம் மட்டும் கையோடு வரும், பூண் குழலுக்குள் தங்கிவிடும்.

சுத்தம் செய்ய இந்தக் கோலைப் பயன்படுத்தாதீர்கள். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் சுட்ட அன்றே தண்ணீர்விட்டுக் கழுவி, துணிசுற்றிய கோலைப் பலமுறை மேலும் கீழும் இழுக்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு, குழலைவிட ஒரு முழம் நீளமான எஃகுக் கோலைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, குழல்வாயில் பொருத்தும் பித்தளை வளையமும் வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் குழல்வாய். கோல் உரசி உரசி அது ஒருபக்கமாகத் தேய்ந்தால் குறி தப்பும். வளையம் கோலை நடுவில் நிறுத்தும். எஃகுக்குப் பதில் அலுமினியக் கோல் வேண்டாம். அலுமினியம் மிருதுவானது, மணல் துகள் அதில் பதிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் துடைக்காவிட்டால் அரம்போல அராவும். எஃகை ஒரே துடைப்பில் சுத்தமாக்கிவிடலாம்.

வாங்கிவந்ததும் கெட்டிக்கும் மரக்கோலில் இரண்டு கோடுகள் போடுங்கள். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, கோலை அடிவரை விட்டுக் குழல்வாய் மட்டத்தில் ஒன்று. வழக்கமான மருந்தும் குண்டும் போட்டு நன்றாக இறுக்கிய பிறகு இன்னொன்று. அடுத்த முறை கெட்டிக்கும்போது இரண்டாவது கோடு குழல்வாய்க்கு மேலே தெரிந்தால், குண்டு மருந்தின்மேல் உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் கூடும். கோடு குழல்வாய்க்கு இறங்கும்வரை தள்ளிவிட்டு, கோலை வெளியே எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.