அழைத்தும் வராதவர்

நீதிமன்ற முத்திரையிட்ட கடிதம் வந்தால், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்து மறந்துபோவோர் உண்டு. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வேலை நாளில் ஆயர் குரோ நீதிமன்றம்வரை போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். பயமும் ஒரு காரணம்தான். போகாவிட்டால் என்ன ஆகும்?

அது வழக்கைப் பொறுத்தது. கடன் வழக்கு போன்றவற்றில் பிரதிவாதி வராவிட்டால், அவர் இல்லாமலேயே தீர்ப்பு வழங்கப்படலாம். அது தோல்வியே தவிர, குற்றமன்று. தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

நீதிமன்ற அவமதிப்பு வேறு. பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் ஒருவர் ஒப்படைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆணை தாயின் கையில் இருக்கிறது, பிள்ளை இல்லை. இத்தகைய மீறலைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 126ஆம் விதி உயர்நீதிமன்றத்திற்கும் அதற்கு மேலுள்ள நீதிமன்றங்களுக்கும் வழங்குகிறது.

தண்டனை சிறையாகவும் இருக்கலாம் என்பதால் நடைமுறை மிகக் கண்டிப்பானது. வழக்கைத் தொடுப்பவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பின்னர் அறிவிப்பு எதிர்த்தரப்பினரின் கையில் நேரடியாகச் சேர வேண்டும். அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு வருவது பொதுவாகப் போதாது. குற்றம் நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். இத்தனைக்கும் பிறகு அவர் வராவிட்டால், பிடியாணை பிறப்பிக்கப்படலாம்.

சட்டம் அறியாதவர்கள்தாம் இப்படி நடந்துகொள்வர் என்று எண்ணிவிடக்கூடாது. கடலூர் மாவட்டத்தில் பிறந்த சி. எஸ். கர்ணன் சென்னை உயர்நீதிமன்றத்திலும் பிறகு கல்கத்தா உயர்நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தவர். 2017 ஜனவரியில், நீதிபதிகள் 20 பேர்மீது ஊழல் குற்றம் சாட்டி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இதன் தொடர்பில் இந்திய உச்சநீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது.

பிப்ரவரி 13ஆம் நாள் முன்னிலையாகும்படி அழைக்கப்பட்டார், வரவில்லை. மார்ச் 10 வரை அவகாசம் கிடைத்தது, அன்றும் வரவில்லை. உடனே சிறைக்கு அனுப்பாமல், பிணையில் விடக்கூடிய பிடியாணையை மட்டுமே ஏழு நீதிபதிகள் அமர்வு பிறப்பித்தது. மார்ச் 31ஆம் நாள் நேரில் வந்தார். பதிலளிக்க மேலும் நான்கு வாரம் தரப்பட்டது. ஆனால், மே 8ஆம் நாள் அவரே தலைமை நீதிபதி உட்பட எட்டு நீதிபதிகளுக்கு ஐந்தாண்டுச் சிறை என்று ஆணையிட்டார்! மறுநாள் உச்சநீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அப்போதும் அவர் அங்கு இல்லை. பதவியில் இருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதன்முறை.

ஒரு மாதத்திற்கு மேல் அவரைத் தேடி, ஜூன் 20ஆம் நாள் கோயம்புத்தூரில் காவல்துறையினர் கைது செய்தனர். அதற்கு எட்டு நாள் முன்பே அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார்.