வெள்ளைக் காரின் தாய்வீடு கறுப்பு மணல், தெரியுமா?

முற்றத்தில் நிற்கும் உங்கள் பழைய வெள்ளைக் காரின் பொனட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கையில் மா மாதிரி ஏதோ ஒட்டுகிறதா? சீனக்குடா பிரிமா ஆலையிலிருந்து காற்றில் வந்த கோதுமை மா என்று நினைத்துவிடாதீர்கள்! அது டைட்டானியம் டையொக்சைட். பெயின்றுக்கு வெண்மை கொடுக்கும் தூள். அதைப் பிடித்து வைத்திருந்த பசையை வெயில் வருடக்கணக்காகத் தின்று தீர்த்துவிட்டது. பிடிமானம் போன தூள் கையோடு வந்துவிடுகிறது.

அந்த வெண்தூளை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? கரி போலக் கறுத்த மணலிலிருந்து! இல்மனைற் என்று பெயர். இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். இரும்பைக் கழற்றி எறிந்து பக்குவப்படுத்தினால் கிடைப்பது பால் வெள்ளை. அந்த மணல் எங்கே கிடக்கிறது? உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போய்க்கொண்டே இருங்கள். நம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் கடல் தானே கொண்டுவந்து குவித்து வைத்திருக்கிறது! 1957இல் இதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கினார்கள். மணலை நாம் மணலாகவே கப்பலேற்றுகிறோம். அது வேறு தேசத்தில் வெள்ளையாகிப் பெயின்ற் டின்னுக்குள் புகுந்து, நம் கடைத்தெருவுக்கே விலையோடு வருகிறது. (இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கும்தான்.)

வைரத்தைவிட ஒளியை அதிகம் வளைப்பது எது தெரியுமா? இதே தூள்! வைரத்தின் ஒளிமுறிவுச் சுட்டி 2.42. ரூட்டைல் வகை டைட்டானியம் டையொக்சைட்டுக்கு 2.7 அளவில். மெல்லிய ஒரு பூச்சே அடியிலிருக்கும் பழைய நிறத்தை மறைத்துவிடுவது அதனால்தான். முத்துப் போல மினுங்கும் ‘பேர்ள்’ நிறங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் இருப்பதும் இதுதான்: அபிரகச் செதில்களுக்குப் போர்த்திய டைட்டானியம் டையொக்சைட் சட்டை!

சரி, காருக்குக் குறைந்த செலவில் பெயின்ற் அடிக்க வழி தேடுபவருக்கு இந்தக் கதையால் என்ன லாபம் என்கிறீர்களா? பெரிய லாபம்! மா உதிர்கிறது என்றால் செத்துப்போனது மேல்தோல் மட்டும்தான். ‘ரப்பிங் கொம்பவுண்ட்’ கொஞ்சம் வாங்கி, ஒரு சாண் அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். அடியிலிருந்து பளபளப்பு எழுந்து வந்தால் உங்களுக்கு வேண்டியது ‘கட் அன்ட் பொலிஷ்’ மட்டுமே. காராஜுக்குப் போகுமுன் இந்த ஒரு சாணைத் தேய்க்காமல் போனவர்கள், தேவையில்லாமல் ஒரு முழுப் பெயின்றுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மெற்றாலிக் நிறக் கார்களில் மேலே கண்ணாடி போல ஒரு ‘கிளியர்’ பூச்சு இருக்கும். அது வெயில் பட்ட முதுகுத் தோல் போல உரிகிறதென்றால் பொலிஷ் பலிக்காது.

ஒரு எச்சரிக்கை. கம்பனியில் அடித்து வந்த பெயின்ற், பிரைமர் முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு தடிப்பு? 100 முதல் 150 மைக்ரோன்தான். இரண்டு தலைமயிர்த் தடிப்பு! வருடாவருடம் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பொலிஷ் போட்டால் என்ன மிஞ்சும்?

பழைய வாகனத்துக்கு நம் நாட்டில் ஏன் இத்தனை மவுசு என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக் கதவு சாத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பதினைந்து, இருபது வயதுக் கார்களும் மாப்பிள்ளை விலைக்குப் போயின. பிறகு பெயின்ற் அடிக்காமல் என்ன செய்வது!

இப்போது பெரிய கேள்வி: நீங்கள் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது தெரியுமா? நிறத்துக்கு என்று நானும் நினைத்திருந்தேன். உப்புவெளிப் பக்கம் ஒரு காராஜில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. கிண்ணியாக்காரர் ஒருவர், எல்லோருக்கும் நானா. பழைய ‘சனி’ கார் ஒன்றின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர்ப் போத்தலை இடது கை நசுக்க, வலது கையில் 400ஆம் நம்பர் சான்ட்பேப்பர் வட்டமில்லாமல் நேராகப் போய் வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் முழங்கை வழியே சொட்டியது. பட்டி வைத்த இடத்தில் கறுப்புப் பெயின்றை மூடுபனி போல லேசாக விசிறினார். நல்லாயிருந்த கதவைக் கறுப்பாக்குகிறாரே என்று பதறினேன். மறுபடி தேய்த்தார். மேடான இடத்தில் கறுப்பு ஓடிப்போனது. பள்ளத்தில் மட்டும் கறுப்புப் பொட்டாக நின்றது. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்கு இப்படி ஒரு காட்டிக்கொடுப்பான்! கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கதவில் வைத்து மெல்ல இழுத்தார்.

“நானா, எத்தினை நாள் பிடிக்கும்?”

“தேய்க்க ஆறு நாள். அடிக்க அரை மணித்தியாலம், தம்பி.”

இதுதான் முழுக் கணக்கும். மலிவாக அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெயின்றில் குறைக்கப் போகிறாரா, தேய்ப்பில் குறைக்கப் போகிறாரா என்று கேளுங்கள். தேய்ப்பில் குறைத்தால் ஆறே மாதத்தில் அப்பளம்.

செலவை நீங்களே குறைக்கலாம். பம்பர், லைட், றப்பர் பட்டி, பெயர்ப் பட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிக் கொண்டுபோங்கள். அவருடைய ஒரு நாள் மிச்சம். ஓரங்களும் சுத்தமாக வரும். நிறத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் கதவின் உட்புறம், பொனட்டின் அடி, டிக்கியின் உள் எல்லாம் சேர்த்து அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கதவு திறந்ததும் குட்டு வெளியாகும். மெற்றாலிக்குக்கு நிறம் ஒன்று, கிளியர் ஒன்று என்று இரட்டை வேலை. வெறும் வெள்ளைக்கு ஒற்றை வேலை. பழைய நிறத்தின் நம்பர் காரிலேயே இருக்கிறது: எஞ்சின் அறைத் தகட்டில் அல்லது கதவு நிலையில். டொயோட்டாக்காரர்கள் தகட்டில் 040 என்று கண்டால் அது ‘சுப்பர் வைட்’. நம்பரைச் சொன்னால் கடையில் கலந்து கொடுப்பார்கள்.

காராஜில் கிடக்கும் சாமான்களின் பூர்வீகம் தெரியுமா? ஸ்பிரே கன் பிறந்தது ஒரு வைத்தியரின் அறையில்! அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டொக்டர் அலன் டிவில்பிஸ் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து விசிற ஒரு கருவி செய்தார், 1880களின் கடைசியில். மகன் தோமஸ் அதைப் பெயின்றுக்குத் திருப்பினார். அடுத்தது மாஸ்கிங் டேப். இன்று சுவர்ப் பெயின்ற்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் பாவிக்கும் அந்த ஒட்டுப்பட்டி கார் பெயின்றருக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது! இரட்டை நிறக் கார் மோகம் பிடித்திருந்த காலம். ஒட்டிய கடதாசியைக் கழற்றினால் புதுப் பெயின்றும் சேர்ந்து உரிந்தது. பெயின்றர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அதை நேரில் கேட்டவர் 3எம் கம்பனியின் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ. 1925இல் டேப் தயார்! திட்டினாலும் பலன் உண்டு.

‘என்.சி.’ பெயின்ற் என்கிறார்களே, அது பருத்தி என்று தெரியுமா? பருத்தியை நைத்திரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் வருவது நைத்திரோசெலுலோஸ். அந்தக் கால சினிமாப் பிலிமும், துப்பாக்கியின் புகையில்லா வெடிமருந்தும் இதே குடும்பம். 1924இல் ஓக்லண்ட் கார்களுக்கு ‘டியூகோ’ என்ற பெயரில் இதை அடித்தபோது, வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. இன்றும் மலிவு என்.சி.தான். ஆனால் பெற்றோல் சிந்தினால் கெடும். வெயிலில் சீக்கிரம் மங்கும். ‘ஹார்ட்னர்’ கலக்கும் டூ கே விலை கூட, ஆயுளும் கூட. உங்கள் காரில் இருப்பது எது? கண்ணுக்குப் படாத மூலையில் தின்னர் தொட்ட துணியால் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் என்.சி.யாகத்தான் இருக்கும். அதன்மேல் யோசிக்காமல் டூ கேயை அடித்தால் பழைய பெயின்ற் சுருங்கி எழும்பலாம். முன்கூட்டியே பெயின்றரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா கொடுக்கும் சாமான். முகத்தில் கட்டிய சாரன் துணி அதைத் தடுக்காது.

காற்றுக்கும் பெயின்றுக்கும் பகை உண்டு தெரியுமா? நம் ஊரில் இரண்டு வில்லன்கள். ஒன்று கச்சான் (வறுத்துத் தின்னும் கச்சான் இல்லை, வைகாசி தொட்டு மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று). அது புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்றில் விதைக்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் காற்று எழும்புமுன் விடியலில், தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்கிறார்கள். மற்றது வாடை. மழைக்கால ஈரத்தில் என்.சி. அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் பனி போலப் படிந்து, கறுப்புக் கார்கூடப் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும்.

உப்பு இந்த இரண்டையும் விழுங்கும் வில்லன். என் அனுபவம் இது. சில வருடத்துக்கு முன் என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துப் பெயின்ற் அடிப்பித்தேன். எந்தக் காராஜ் என்று வேண்டாம். கண்ணாடி போலத்தான் வந்தது. இரண்டாவது வாடை முடிந்தபோது தாங்கியில் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே தண்ணீர்! பெயின்றுக்குள் எப்படித் தண்ணீர்? தேய்க்குமுன் நல்ல தண்ணீரில் கழுவவில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்பு அடியில் சிக்கிக்கொண்டது. பெயின்ற் பார்வைக்குத்தான் இரும்புக் கவசம். ஈரம் மெல்ல மெல்ல உள்ளே கசியும். உப்பு அதை இழுத்துப் பிடித்துக் குடித்துக் கொப்பளமாக வீங்கும். கடற்கரை ஊரில் முதல் வேலை சான்ட்பேப்பர் இல்லை, கிணற்றுத் தண்ணீர். கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீர். மீன்பிடி ஊருக்குப் பொருத்தமாக ‘மீன்கண்’ என்றும் ஒரு வியாதி உண்டு: எண்ணெயோ சிலிக்கோன் பொலிஷோ ஒரு துளி மிஞ்சினாலும் பெயின்ற் அந்த இடத்தில் விலகி, நடுவே குழிவிழுந்த வட்டமாகிவிடும்.

ஸ்பிரேயே இல்லாமல் கார் அடிக்கலாம் தெரியுமா? எனமல் பெயின்றை நன்றாக இளக்கி, பஞ்சு உருளையால் மெல்லிசாக உருட்டி, காய்ந்தபின் ஈரத்தில் தேய்த்து, மறுபடி உருட்டி, மறுபடி தேய்த்து... பொறுமையுள்ளவர்கள் செய்கிறார்கள். டிரக்டருக்கும் பழைய லொறிக்கும் இது நியாயமான வழி. காருக்கு? பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சரி என்பேன்.

நிறத்தில் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் இன்னும் ஓடித்திரியும் மொறிஸ் மைனர், பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். அதைக் கொண்டாட 1960இன் முடிவில் ஏறத்தாழ 350 கார்களை இளஊதா நிறத்தில் அடித்துவிட்டார்கள்! நீங்களும் அப்படி ஆசைப்பட்டால் ஒன்றை மறவாதீர்கள்: பதிவுச் சான்றிதழில் காரின் நிறமும் எழுதியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். வாகனத்தில் தூரிகை பட்டால் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பது இந்தத் தீவுக்குத் தெரியாததா? 1957இல் எண் பலகைக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அடுத்த வருடம் தமிழ் ஊர்களில் அதை அழிக்கத் தார்ச் சட்டியும் தூரிகையும் வீதிக்கு இறங்கின. ஒரே ஒரு எழுத்து!

கடைசியாக ஒன்று. நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு பழைய வாகனம் இன்னும் மிதக்கிறது தெரியுமா? ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’. 1817இல் பம்பாயில் வாடியாக்களின் தளத்தில் தேக்கில் கட்டிய போர்க்கப்பல். பழுதுபார்த்து, பூசி மெழுகி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் கறுப்பும் வெள்ளையுமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மூத்தது அதுதான். வயது இருநூறு தாண்டிவிட்டது!

உங்கள் காருக்கு அவ்வளவு வயது இல்லை. அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆவணி முடியுமுன் கொண்டுபோய் விடுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை.