விலைக்கு ஈடான ஆயுள்: உயர்விலைக் கைபேசியும் மடிக்கணினியும்

2023 செப்டம்பரில் ஐபோன் 15 புரோ மேக்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 1,59,900 ரூபாய். அதே வேளையில், பேசுவதற்கும் பணம் அனுப்புவதற்கும் படம் பார்ப்பதற்கும் வழி தேடுவதற்கும் போதுமான கைபேசிகள் 15,000 ரூபாய்க்குக் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தன. பத்து மடங்கு விலை கொடுப்பவருக்குப் பத்து மடங்கு பயன் கிடைப்பதில்லை என்பது வெளிப்படை. ஆயினும் அந்த ஒரு காரணத்தால் உயர்விலைக் கருவிகள் அனைத்தும் வெறும் பகட்டே என்று முடிவு கட்டிவிடுவதும் சரியாகாது. ஒரு கருவியின் விலையில் உறுப்புகளுக்கான பங்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கான பங்கு எவ்வளவு, வாங்குபவர் வேறு வழியில்லாமல் கொடுக்க நேரும் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, அதன்பின் அக்கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதையும் சேர்த்து எண்ணும்போதுதான் அந்த விலை தகுமா தகாதா என்பது விளங்கும்.

விலையைப் பிரித்துக் காட்டும் முயற்சிகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, கென்னத் கிரேமர், கிரெக் லிண்டன், ஜேசன் டெட்ரிக் ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. 2010ஆம் ஆண்டின் ஐபோன் விற்பனை விலையில் 58.5 விழுக்காடு ஆப்பிள் நிறுவனத்தின் ஆதாயமாகவும், 21.9 விழுக்காடு மூலப்பொருட்களின் செலவாகவும் சேர்ந்தபோது, அதைப் பொருத்தித் தந்த சீனத் தொழிலாளர்களின் கூலியாகச் சென்றது 1.8 விழுக்காடு மட்டுமே என்று அவர்கள் கணக்கிட்டனர். நிறுவனம் தானே வெளியிட்டுள்ள கணக்கின்படி, 2024 நிதியாண்டில் அதன் கருவிகள் அனைத்தின் மொத்த ஆதாயம், அதாவது விற்ற பணத்தில் ஆக்கச்செலவைக் கழித்தபின் எஞ்சுவது, 37.2 விழுக்காடு. இந்த ஆதாயத்திலிருந்துதான் ஆராய்ச்சி, விளம்பரம், நிர்வாகம், வரி ஆகிய செலவுகள் கழிய வேண்டும் என்பதையும், அந்த ஓராண்டில் ஆராய்ச்சிக்கு மட்டும் ஏறத்தாழ 3,100 கோடி டாலர் செலவிடப்பட்டது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். உறுப்புகளின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து மீதியெல்லாம் கொள்ளை என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆராய்ச்சிச் செலவின் பலன் மிகத் தெளிவாகத் தெரியுமிடம் சில்லு. கருவியின் மூளையாக இயங்கும் இந்தச் சிறு சிலிக்கான் துண்டில், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சாவிகளான டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு நெருக்கமாக அமைகின்றனவோ அவ்வளவுக்கு வேகம் கூடி மின்செலவு குறையும். ஐபோன் 15 புரோவில் இடம்பெற்ற ஏ17 புரோ சில்லு 1,900 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ‘3 நானோமீட்டர்’ என்று பெயரிடப்பட்ட முறையில் வார்க்கப்பட்டது. (இன்று இந்தப் பெயர் தொழில்நுட்பத் தலைமுறையைக் குறிப்பதே தவிர, சில்லுக்குள் உண்மையில் அளந்தெடுக்கக்கூடிய நீளம் எதையும் குறிப்பதில்லை.) இத்தகைய சில்லுகளைச் செதுக்க அதிதீவிரப் புறஊதாக் கதிரைப் பயன்படுத்தும் பொறிகளை உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் ஒன்றே செய்கிறது; ஒரு பொறியின் விலை 15 கோடி டாலருக்கும் மேல். ஆகவே, புதிய தலைமுறைச் சில்லை முதலில் வாங்குவோர் அந்த ஆலையை எழுப்பிய செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள் என்றே கொள்ளலாம்.

ஒளிப்படத்திலும் விலைக்குப் பொருள் உண்டு. ஒளியை மின்குறியாக மாற்றும் உணரியின் பரப்பு பெரிதானால் அதன்மேல் விழும் ஒளியும் மிகும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும். மலிவுக் கைபேசிகளில் பரவலாகக் காணப்படும் சிறு உணரிகள் சுமார் 25 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ளவை. 2022இல் ஷாவ்மி வெளியிட்ட 12எஸ் அல்ட்ரா போன்ற உயர்விலைக் கைபேசிகளில் உள்ள ‘ஓர் அங்குல’ உணரியின் பரப்போ ஏறத்தாழ 116 சதுர மில்லிமீட்டர். இது இயற்பியல் தரும் வேறுபாடு. விளம்பரத்தால் உண்டாக்கவோ மென்பொருளால் முழுதும் ஈடுசெய்யவோ முடியாதது. திருமண மண்டபத்திலும் கோயில் பிராகாரத்திலும் இரவில் படமெடுப்பவர் அதை உடனே உணர்வார்; பகல் வெளிச்சத்தில் எடுத்துச் சிறு திரையில் மட்டும் பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் புலப்படாது.

ஆனால் விலைக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும் இடங்களும் உண்டு. திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். 20,000 ரூபாய்க் கைபேசிகள் 120 ஹெர்ட்ஸ் திரையுடன் வரத் தொடங்கிய பிறகும், 79,900 ரூபாய்க்கு விற்ற ஐபோன் 15, 60 ஹெர்ட்ஸ் திரையையே கொண்டிருந்தது. அடுத்த ஆண்டின் ஐபோன் 16இலும் அதே நிலைதான். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17இல்தான் அது மாறியது. இந்தக் குறையை வைத்திருந்ததற்குத் தொழில்நுட்பத் தடை காரணமன்று. அந்த வசதி இன்னும் விலைகூடிய புரோ வரிசைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

இதைவிடக் கூர்மையான சான்று நினைவகத்தின் விலை. கணினி தற்சமயம் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தாங்கும் இடம் நினைவகம். கோப்புகள் நிலையாகத் தங்கும் இடம் சேமிப்பகம். 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர் மடிக்கணினி 8 ஜிபி நினைவகத்துடன் 92,900 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதை 16 ஜிபி ஆக்கிக்கொள்ள மேலும் 20,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நினைவகம் சில்லோடு ஒரே தளத்தில் பதிக்கப்படுவதால் வேகம் கூடுகிறது என்பது உண்மையே. அதே காரணத்தால், வெளிச்சந்தையில் அன்று இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைத்த நினைவகத்தை வாங்கிப் பின்னர் பொருத்திக்கொள்ளவும் வழியில்லாமல் போனது. வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டிய நிலையில், நாளைக்குப் போதாமல் போய்விடுமோ என்ற அச்சமே அந்த 20,000 ரூபாயைப் பெற்றுத் தருகிறது. 2024 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் வரிசையின் தொடக்க நினைவகத்தை, விலையை உயர்த்தாமலே, 16 ஜிபி ஆக்கியது. அதுகாறும் தனியே வசூலித்த தொகை ஆக்கச்செலவால் வந்ததன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. இந்த வழக்கம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதுமன்று; கைபேசிகளின் சேமிப்பகத்தைப் படிப்படியாக உயர்த்தி விற்பவர்கள் அனைவரும் இந்த ஏணியையே பயன்படுத்துகிறார்கள். உயர்விலைக் கருவிகளின் முதற்படிக்கு ஓரளவு நியாயம் சொல்லலாம். மேற்படிகளுக்குச் சொல்வது கடினம்.

இந்தியாவில் வாங்குவோர் சுமக்கும் சுமையில் வரிக்கும் பங்குண்டு. கைபேசிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2020 ஏப்ரலில் 12இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. இறக்குமதியாகும் கைபேசிகளுக்கு 20 விழுக்காடாக இருந்த அடிப்படைச் சுங்கவரி 2024 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் 15 ஆகக் குறைந்தது. அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்ற ஐபோன் 15இன் விலையை அன்றைய மாற்று மதிப்பில் டாலருக்கு 83 ரூபாய் என்று கொண்டு, 18 விழுக்காடு வரியையும் சேர்த்தால் 78,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இந்திய விலையான 79,900க்கு அது மிக அண்மையில் நிற்கிறது. இந்தக் கைபேசி வெளியீட்டின்போதே திருப்பெரும்புதூரில் பொருத்தப்பட்டது. இறக்குமதியான ஐபோன் 15 புரோவின் 999 டாலர் விலையின்மீது, சுங்கவரி, அதன்மேல் கூடும் சேர்வரி, 18 விழுக்காட்டுச் சரக்கு மற்றும் சேவை வரி ஆகிய அனைத்தையும் முழு விலைக்குமே விதித்துப் பார்த்தாலும் 1,20,000 ரூபாயைத் தொடுவதில்லை. இந்தியாவில் அது 1,34,900 ரூபாய்க்கு விற்கப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 15,000 ரூபாயை வரியின் மேல் சுமத்த முடியாது. திருப்பெரும்புதூரிலும் மறைமலைநகர்ப் பகுதியிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஐபோன்களைப் பொருத்துகிறார்கள். ஆயினும் விலையில் பொருத்துகூலியின் பங்கு எவ்வளவு சிறியது என்பதை 2010ஆம் ஆண்டுக் கணக்கே காட்டிவிட்டதால், இங்கேயே செய்யப்படும் பொருள் இங்கே மலிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

இனி ஆயுள். கைபேசி பழையதாவது பெரும்பாலும் அது உடைவதால் அன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவதாலும் மின்கலம் தளர்வதாலுமே. நோக்கியா தொடங்கிய வெர்ட்டு நிறுவனம் நீலமணிக் கண்ணாடியும் விலையுயர்ந்த உலோகங்களும் இழைத்த கைபேசிகளை 2002 முதல் விற்றது. புற அணிகலன் தேயாமலிருக்க, உள்ளிருந்த மின்னணுவியல் சில ஆண்டுகளில் பழசாயிற்று. அதன் பிரிட்டன் நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. இதற்கு எதிர்த்திசையில், 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைபேசிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழாண்டுத் திருத்தங்களை உறுதியளித்தன. பத்தாண்டுகளுக்கு முன் ஆண்ட்ராய்டு கைபேசியில் இரண்டு ஆண்டு கிடைத்தாலே பெரிது என்றிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது மெய்யான முன்னேற்றம்.

இருந்தாலும் கணக்கு உச்சவிலைக்குச் சாதகமாக வருவதில்லை. 20,000 ரூபாய்க் கைபேசியை மூன்றாண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 6,667 ரூபாய். 80,000 ரூபாய்க் கைபேசியை ஏழாண்டு முழுதும் வைத்திருந்தாலும் ஆண்டுக்கு 11,400 ரூபாய்க்கு மேல், இடையில் மாற்ற வேண்டிய மின்கலத்தின் செலவு தனி. இரண்டும் சமமாக வேண்டுமானால் உயர்விலைக் கைபேசி பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். அப்படி உறுதியளிப்பவர் எவருமில்லை. 2024இல் 52,999 ரூபாய்க்கு வந்த பிக்சல் 8ஏ அதே ஏழாண்டு உறுதியைப் பெற்றிருந்ததால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,570 ரூபாயே ஆகிறது. உச்சிக்கு ஒரு படி கீழே நிற்கும் இத்தகைய கருவிகளே விலைக்கு உண்மையில் ஈடு தருபவை. வட்டியில்லாத் தவணை என்ற ஏற்பாடு இந்த வேறுபாட்டைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது வருத்தத்துக்குரியது.

மடிக்கணினியில் நிலை வேறு. 45,000 ரூபாய் மடிக்கணினியில் முதலில் கைவிடுபவை பெரும்பாலும் திரையின் கீலும், விசைப்பலகையும், மின்கலமும்தான். நான்காண்டில் அதை மாற்ற நேர்ந்தால் ஆண்டுச் செலவு 11,250 ரூபாய். முன்னர்ச் சொன்ன எம்1 மேக்புக் ஏர் எட்டாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,600 ரூபாய். 2020ஆம் ஆண்டின் அந்தக் கருவி 2025இல் வெளிவந்த இயங்குதளத்தையும் ஏற்றது. விசிறி இல்லாமல் அமைதியாக இயங்குவதும், மின்செருகியைத் தேடாமல் நாள் முழுதும் எழுத முடிவதும் அந்த 350 ரூபாய் வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்து, கணக்கு, வடிவமைப்பு எனக் கணினியால் பிழைப்பவருக்கு இதை ஆடம்பரம் என்று சொல்ல இடமில்லை.

உயர்ந்த விலை நீண்ட ஆயுளுக்குத் தானே உறுதியாகிவிடுவதுமில்லை. 2015 முதல் 2019 வரை மேக்புக் வரிசையில் வந்த ‘பட்டாம்பூச்சி’ விசைப்பலகை, மெல்லிய உடலுக்காக விசைகளின் ஆழத்தைக் குறைத்து அமைக்கப்பட்டதால் சிறு தூசிக்கே சிக்கிக்கொண்டது. அது தொடர்பான வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் கொடுக்க ஆப்பிள் இசைந்தது. பழைய ஐபோன்களின் வேகத்தை மின்கலத் தளர்ச்சிக்கு ஏற்ப மென்பொருள் குறைத்துவந்தது 2017 டிசம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்டபோது, புதிய மின்கலம் பொருத்தினாலே சரியாகியிருக்கும் கைபேசியை விட்டுப் புதியது வாங்கியவர்களின் சினம் முற்றிலும் நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகள் இந்தப் புண்ணைத்தான் தொடுகின்றன: மின்கலம் 800 முறை முழுதாக மின்னேறித் தீர்ந்த பிறகும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்க வேண்டும், விற்பனை நின்றபின்னும் ஏழாண்டுகளுக்கு உதிரி உறுப்புகள் கிடைக்க வேண்டும், ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளத் திருத்தங்கள் வர வேண்டும். இவ்விதிகள் மலிவான கைபேசிக்கும் பொருந்துவதால், இதுவரை உயர்விலை கொடுத்தவர் மட்டும் பெற்ற ஆயுள் மற்றவர்களுக்கும் கிடைக்கும். இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்திருந்தாலும், இத்தகைய கட்டாய விதிகளின் தேவை இன்னும் அப்படியே இருக்கிறது.

உயர்விலைக் கருவியின் முழுப்பயனைப் பெறுபவர் பல வேளைகளில் அதன் இரண்டாம் உரிமையாளரே. நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெருவில் புது மலிவுக் கணினியின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. உறுதியான கீல், நல்ல விசைப்பலகை, பல மாதிரிகளில் கழற்றி மாற்றத்தக்க நினைவகம் ஆகியவை முதல் உரிமையாளர் கொடுத்த விலையில் வந்தவை. மின்கலத்தின் நிலையோடு சில்லின் தலைமுறையையும் பார்த்தே வாங்க வேண்டும்; விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க இன்டலின் 8ஆம் தலைமுறைச் சில்லாவது இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய சில்லுள்ள கணினி, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள அறிந்தவர் கையில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.