ஈப்போவின் பூமரங்களும் நம் பால்மரமும்

ஈப்போ நகரத் தெருவோரங்களில், இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை டெக்கோமா மரங்கள். ஜப்பானியச் சக்குரா என்று சிலர் சொல்வார்கள், அதுவல்ல. மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை இதன் தாயகம்.

வசந்த காலமே இல்லாத நம் நாட்டில் இவை எப்படி ஒருசேரப் பூக்கின்றன? வறட்சிதான் காரணம். இலை வழியாகத்தான் மரம் பெரும்பாலும் நீரை இழக்கிறது. மழை பொய்த்தால் இலைகளை உதிர்த்துவிடுகிறது. பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் வெறுங்கிளையெல்லாம் பூதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதைப் பார்க்கலாம். சில ஆண்டுகளில் ஆகஸ்டு, செப்டம்பரிலும் பூக்கும்.

பாகான் டத்தோவில் தென்னையும் செம்பனையும் ஆண்டு முழுவதும் பாளை விடுவதால், நம் பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருக்கும். பால் வெட்டிய பெரியவர்களுக்கு அப்படியல்ல. ரப்பர் மரமும் பிப்ரவரி, மார்ச்சில்தான் இலை உதிர்க்கும். சேர்த்து வைத்த உணவைப் புதுத் தளிருக்கே செலவிடுவதால் பால் குறையும். எடைக்குக் கூலி வாங்கிய வீடுகளில் அந்த மாதங்களில் கடைக்கடன் ஏறும். மரத்தின் மேல் குற்றமில்லை, வெட்டியவர் கையின் மேலும் குற்றமில்லை.

தளிரோடு ரப்பரும் பூக்கும். சின்னஞ்சிறு வெளிர்மஞ்சள் பூ, நல்ல மணமுண்டு. கோப்பையைப் பார்த்த கண்கள் அதை அண்ணாந்து பார்த்தது குறைவு.

ரப்பரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1877இல் நம் பேராக்கில், கோலகங்சாரில் 9 கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.