கூழைக்கடாவின் கூரை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படர்ந்தது. உடலெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. அவற்றை நினைவில் வைத்திருந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘பறவையே வாலடியில் ஒரு சுரப்பி வைத்துக்கொண்டு இறகுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறதே, இன்னும் கொஞ்சம் பட்டால் என்ன?’

குறும்பான கேள்விதான், ஆனால் சரியான இடத்தில் கை வைக்கிறது. சுரப்பி எண்ணெயின் முக்கிய வேலை, இறகு காய்ந்து ஒடியாமல் காப்பது. நீரைத் தடுப்பது பெரும்பாலும் இறகின் நெசவு. நடுத்தண்டிலிருந்து இழைகள், இழைகளிலிருந்து நுண்ணிழைகள், அவற்றின் விளிம்பில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கொக்கிகள். கொக்கிகள் பக்கத்து இழையைப் பற்றிக்கொள்ள, இடுக்குகளில் காற்று தங்குகிறது. நீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம்; இடுக்கில் நுழைய மாட்டாமல் திரண்டு உருண்டு ஓடிவிடும். கச்சா எண்ணெய்க்கோ அதில் பாதிகூட இல்லை. சல்லென்று உள்ளே பரவும். காற்று வெளியேறும், இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், கொக்கிகள் பிடி விடும். அந்த வழியாகத் தண்ணீர் பின்னாலேயே வரும்.

பறவையை ஓலைக் கூரை வேய்ந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 40 டிகிரியில் அணையாத அடுப்பு. கூரை ஒழுகினால் அடுப்பைக் கூடுதலாக எரிக்க வேண்டும். விறகு, உடம்பில் சேர்த்த கொழுப்பு. வீட்டுக்காரருக்கோ கூரையை வாயாலேயே கோதிச் சரிசெய்யும் வழக்கம். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. குடல் புண்ணாகிறது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன. போதாக்குறைக்கு இந்த வீடு மிதக்க வேண்டும், பறக்கவும் வேண்டும். சரி, வீட்டை இதோடு விடுகிறேன்.

சென்னையில் குளிர் ஏது என்பீர்கள். கழிமுக நீர் பறவையின் உடலைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ச்சியானது. நனைந்த உடம்புக்கு அது போதும்.

கழுவினால் பிழைக்குமா என்பதற்கு வரலாறும் கொஞ்சம் உண்டு. 2000 ஜூனில் கேப் டவுன் அருகே ‘ட்ரெஷர்’ என்ற கப்பல் மூழ்கியபோது சுமார் 19,000 பென்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கழுவினார்கள், பெரும்பாலானவை பிழைத்தன. அந்த வெற்றியைக் காட்டி எல்லாப் பறவைகளுக்கும் நம்பிக்கை விற்பவர்கள் உண்டு. பென்குவின் தாங்கும், எல்லாப் பறவையும் தாங்காது.

பாத்திரம் கழுவும் திரவத்தை நுரைக்க நுரைக்கத் தேய்க்கும் விளம்பரப் படங்களிலும் பாதிக் கதைதான் இருக்கிறது. பிடித்துவந்த பறவையை உடனே கழுவினால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம்; முதலில் சூடும் நீரும் உணவும் கொடுத்துத் தேற்ற வேண்டும். கழுவுவதைவிட அலசுவது கடினம். சோப்பும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுதானே? துளி மிஞ்சினாலும் இறகு மறுபடி நனையும். அதனால் வெதுவெதுப்பான நீரை வேகமாகப் பீய்ச்சி நெடுநேரம் அலசுகிறார்கள். கொக்கிகளை மறுபடி மாட்டுவதை மட்டும் பறவையின் அலகுக்கே விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தோதான கருவி நம்மிடம் இல்லை.