குறிஞ்சியிற் கற்ற பாடம்

முப்பது ஆண்டுகளாகக் குறிஞ்சித் திணையைப் படிப்பித்து வருகின்றேன். முதற்பொருள் மலையும் மலைசார்ந்த இடமும், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கருப்பொருளைக் கேட்டால் மூச்சுவிடாமற் சொல்வேன்: புலி, கரடி, யானை, மயில், கிளி, வேங்கை, காந்தள், குறிஞ்சி, அருவி, சுனை. மாணாக்கரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர்; பரீட்சையில் நிறைந்த புள்ளிகளும் பெறுவர். ஆனால், நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே வற்றாத ஆறும் இல்லை, மலையும் இல்லை. கீரிமலையின் பெயரில் மட்டும் மலை உண்டு.

2023 இல் ஒருநாள், மலையகத்திலிருந்து வந்து எங்கள் கலாசாலையிற் பயிலும் மாணாக்கன் ஒருவன் பாடத்தின் நடுவே எழுந்தான். "ஐயா, குறிஞ்சிப் பூவை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?" என்று வினவினான். குறும்பினாற் கேட்கவில்லை, ஆவலினாற் கேட்டான். "காணவில்லை" என்றேன்.

"எங்கள் தோட்டத்துக்கு மேலே, ஓட்டன் சமவெளியில், அதற்கு உறவான செடி இருக்கிறது ஐயா. சிங்களத்தில் நெலு என்பார்கள். 2013 இல் காடெல்லாம் பூத்தது. அப்பா கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்" என்றான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கண்ட பிள்ளைக்குக் காணாத ஆசிரியன் பாடஞ் சொல்லிக்கொண்டிருக்கின்றான்! அடுத்த தை மாதத்தில் அவனையும் அவன் தந்தையாரையும் துணையாகக் கொண்டு ஒகியப் புகையிரத நிலையத்தில் இறங்கி, வாகனமொன்றில் மேலேறினேன்.

பாடம் வாயிலிலேயே தொடங்கிவிட்டது. காவலர் ஒருவர் எங்கள் உணவுப் பொதியைச் சுற்றியிருந்த பொலித்தீனை அகற்றினார். தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் உரித்தெடுத்தார். "மரை தின்றுவிடும்" என்பதே அவர் கூறிய காரணம். மரை அதைத் தின்றால் மடியும். மரையோ அங்குள்ள சிறுத்தையின் தலையாய இரை. ஆகவே எறியப்படும் ஓர் உறை மரையோடு நின்றுவிடுவதில்லை. சிறுத்தையின் வயிற்றையும் தொடுகின்றது.

ஓட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே உள்ளது. அதன் ஓரத்தில் 2,389 மீற்றர் உயரமான கிரிகல்பொத்த நிற்கின்றது. விடியற்காலையிற் புல்லெல்லாம் வெண்பனி பூத்துக் கிடந்தது. முன்பனியென்று நான் ஓதிவந்த சொல் என் பாதத்தைச் சுட்டது. புல்வெளியைச் சூழ்ந்து மேகக்காடு. அங்கே மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. காற்றுக்கும் குளிருக்கும் அடங்கிக் குறுகி, கிளை முறுகி, உச்சி குடைபோற் கவிந்து நிற்கின்றன. இலைகள் சிறியன, தடித்தன. அடிமரமெங்கும் பாசி படர்ந்திருக்கின்றது. மூடுபனி வந்து தழுவும்போது இலையும் பாசியும் அதனை வடித்தெடுத்துத் துளிதுளியாய் நிலத்துக்கு ஈகின்றன. மழை பெய்யாத நாளிலும் அக்காட்டின் கீழ் நீர் சொட்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இம்மேட்டிலே பிறக்கின்றன. கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலியின் நீரில் இம்மரங்கள் வடித்த பனியும் உண்டென எண்ணியபோது, மலை எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

புல்வெளியில் ஆங்காங்கே ஒரு மரம் தனித்து நின்றது. சிங்களத்தில் மகா ரத்மல், அஃதாவது பெருஞ்செம்பூ. நீலகிரியிலே தமிழர் இதனைக் காட்டுப்பூவரசு என்பர். இதே இனம் இமயச் சாரலிலும் உண்டு. இடையிலுள்ள வெப்பமான சமவெளிகளில் இல்லை. உலகம் குளிர்ந்திருந்த பண்டைக்காலத்திலே இது தாழ்நிலங்களிலும் பரவி, வெப்பம் மிகுந்தபின் மலையுச்சிகளிலே ஒதுங்கியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. உயர்மலை என்பது நிலக்கடல் நடுவே ஒரு தீவு. அங்குள்ள உயிர்க்கு மேலும் ஏறி ஒதுங்க வேறிடம் இல்லை. மூக்கு நுனியில் வெண்கொம்பு தாங்கிய ஓணான் ஒன்று ஈழத்து மத்திய மலைகளில் மட்டுமே வாழ்கின்றது. இம்மலையிற் கெட்டால், உலகிலேயே கெட்டது.

நெலுவைக் கண்டேன், பூவைக் காணவில்லை. மரநிழலிலே இலை செறிந்த புதராய் நின்றது. அதன் காலம் வரவில்லை. நெலுவில் ஓரினமன்று, பல உள்ளன. அவற்றுட் சில பன்னீராண்டளவு காத்திருந்து ஒருங்கே பூத்து, வித்திட்டு, ஒருங்கே மடிவன. மூணாற்றுச் சாரலில் 2006 இலும் 2018 இலும் பூத்த நீலக்குறிஞ்சியும் இக்குடும்பத்ததே. ஒருங்கே மலையளவு வித்து உதிர்வதால், காட்டுக்கோழியும் பிறவும் உண்டது போக முளைப்பதற்கும் மிஞ்சும் என விளக்குவர். காத்திருத்தலும் ஒரு காப்பு.

என் கருப்பொருட் பட்டியலையும் சரிபார்த்தேன். ஈழத்திற் புலி இல்லை. சிறுத்தையே மலைக்கு அரசு. யானை ஒருகாலத்தில் அங்கே உலாவியது, இன்று இல்லை. மயிலின் அகவலும் கேட்கவில்லை. ஆனால் பட்டியல் பிழையன்று. அதைப் பட்டியலாகப் படிப்பித்ததே என் பிழை. நிலத்தையும் பொழுதையும் முதலென்றும், அவற்றிற் பிறப்பனவற்றைக் கருவென்றும் முன்னோர் வகுத்தது எண்ணி ஒப்பிப்பதற்கன்று. ஒன்று மற்றொன்றாற் பிறந்து, மற்றொன்றால் வாழ்கின்றது என்று காட்டுதற்கே.

அந்தக் கட்டு இப்போது நெகிழ்கின்றது. 1873 இல் யோசெப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது விடுமாறு ஆலோசனை கூறினார். கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாகாமல் எஞ்சிய காடு அது. 1988 இல் ஓட்டன் சமவெளி தேசிய வனமாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது. எனினும் கோடரி படாமலே மரங்கள் நுனியிலிருந்து கருகுகின்றன. கீன மரம் மிகுதியும் பட்டுநிற்பதைக் கண்டேன். காரணம் இன்னதென ஆய்வாளர் இன்னும் ஒருமுகமாக முடிவு செய்திலர். ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட மஞ்சட்பூ முட்புதர் ஒன்றும் புல்வெளியைக் கவர்கின்றது.

பட்டமரம் ஒன்றைத் தொட்டுப் பார்த்த மாணாக்கனின் தந்தையார், "மேலே காடு போனால் எங்கள் லயத்துப் பீலி வற்றும் ஐயா" என்றார். முப்பது ஆண்டு நான் சொன்ன உரையிலும் அவ்வொரு வரி நன்றாயிருந்தது.

இப்போது வகுப்பில் வினாவை மாற்றியிருக்கின்றேன். கருப்பொருள்களைத் தருக என்று கேட்பதில்லை. ஒன்றை நீக்கினால் மற்றவை என்னாகும் என்று கேட்கின்றேன். விடை மெதுவாகவே வருகின்றது, ஒப்பிப்பார் இல்லை. ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நெய்தலைப் படிப்பிக்குமுன் பிள்ளைகளைக் கடற்கரைக்கும், மருதத்தைப் படிப்பிக்குமுன் குளக்கட்டுக்கும் கூட்டிச் செல்லுங்கள். குறிஞ்சிக்கு நான் மிகப் பிந்திப் போனேன்.