கம்ப்யூட்டர் திரையில் குழந்தைகளுக்கு யோகா: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "குழந்தை நாள் முழுக்க இதன் முன்னால் உட்கார்ந்து விடுமே, என்ன செய்வது?" என்பதுதான். அடுத்த மாதமே அவர்களில் சிலர் வேறு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "யோகா வீடியோ போட்டு விட்டால் குழந்தை தானாகக் கற்றுக் கொள்ளுமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் கொடுமுடி போன்ற சிறிய ஊர்களில் சின்னக் குழந்தைகளுக்கு என்று தனியாக யோகா வகுப்பு கிடைப்பது எளிதல்ல. வாரம் இருமுறை ஈரோட்டிற்கோ கரூருக்கோ குழந்தையை அழைத்துப் போய் வர எல்லாருக்கும் முடியாது. இண்டர்நெட்டிலோ இதற்கான வீடியோக்கள் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே கம்ப்யூட்டர் இதற்கு நன்றாகவே உதவும். ஆனால் வீடியோவைப் போட்டு விட்டு நாம் சமையலறைக்குப் போய்விடலாம் என்றால் மட்டும் உதவாது. ஏன் என்பதையும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் இங்கு பார்ப்போம்.

யோகாவும் கேமராவும்

யோகாவைப் படம் பிடித்துக் கற்றுத் தருவது இன்று நேற்று வந்ததல்ல. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரி, 1938-ல் மைசூரில் இருந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளை மௌனப் படம் ஒன்று உள்ளது. அவரும், அவருடைய மாணவர் பி.கே.எஸ். அய்யங்காரும் அதில் ஆசனங்கள் செய்து காட்டுகிறார்கள். கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தினரும் அதில் உண்டு, குழந்தைகளையும் பார்க்கலாம். யூடியூபில் தேடினால் இப்படம் கிடைக்கும்.

நம் பக்கத்து உதாரணம் கோவை வி. நானம்மாள். பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையிடம் யோகா கற்றவர். 90 வயதைத் தாண்டிய பிறகும் அவர் ஆசனம் செய்வதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வீடியோக்களாகப் பரவின. 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில், தமது 99-வது வயதில் காலமானார். வீடியோக்கள் இன்றும் இருக்கின்றன. குழந்தையோடு உட்கார்ந்து ஒரு முறை பார்க்கலாம். "இந்தப் பாட்டியால் முடிகிறதே" என்ற வியப்பே பாதி வேலையைச் செய்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம். அவர் கற்றது எந்தத் திரையையும் பார்த்து அல்ல, வீட்டில் தந்தை செய்வதைப் பார்த்துத்தான். குழந்தைகளுக்கு இன்றும் அதுவே நல்ல வழி.

எந்த வீடியோ யாருக்கு?

ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் அறிவித்தபடி, 2015-லிருந்து ஜூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. இதற்காக மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் "பொது யோகா நெறிமுறை" என்ற தொகுப்பைத் தயாரித்து, வீடியோவாகவும் தந்துள்ளது. நின்று, உட்கார்ந்து, படுத்துச் செய்யும் ஆசனங்கள் இதில் வரிசையாக வரும். மொத்தம் சுமார் 45 நிமிடம். கபாலபாதி, பிராணாயாமம் போன்றவையும் உண்டு. எனவே இது பெரியவர்களுக்கானது. 4 வயதுக் குழந்தையை இதன் முன் நிறுத்தாதீர்கள். நீங்கள் பார்த்து, ஆசனத்தின் சரியான நிலையைத் தெரிந்து கொள்வதற்கு இது மிகவும் ஏற்றது.

குழந்தைகளுக்கு வேறு வகை வேண்டும். இங்கிலாந்தில் 2012-ல் தொடங்கப்பட்ட காஸ்மிக் கிட்ஸ் யோகா என்ற யூடியூப் சேனல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதை சொல்லிக் கொண்டே போவார்கள். கதையில் பாம்பு வந்தால் பாம்பு ஆசனம், மரம் வந்தால் மர ஆசனம். ஆங்கிலத்தில் இருந்தாலும் சைகையிலேயே பாதி புரிந்துவிடும். இந்த உத்தியை நாமும் தமிழில் பின்பற்றலாம். காவிரிக் கரையில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பூனை, புல்லில் ஒரு பாம்பு, மேலே ஒரு பட்டாம்பூச்சி என்று கதை கட்டினால் 4 ஆசனங்கள் வந்துவிட்டன!

தமிழ் வீடியோ வேண்டுமானால் யூடியூபின் தேடு கட்டத்தில் "குழந்தைகளுக்கான யோகா" என்று தமிழிலேயே டைப் செய்யுங்கள். தமிழ் டைப்பிங் வராதவர்கள் அருகில் உள்ள மைக் ஐகானைக் கிளிக் செய்து பேசினாலே போதும். வருவதில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் பார்ப்பது இவைதான்.

1. வீடியோ 10 நிமிடத்திற்குள் இருக்கிறதா?
2. செய்து காட்டுபவரின் உடல் முழுதும், கால் விரல் வரை, திரையில் தெரிகிறதா?
3. ஆசனத்திற்குள் போவதைப் போலவே, அதிலிருந்து வெளியே வருவதையும் காட்டுகிறார்களா?
4. "வலித்தால் நிறுத்து" என்று எங்காவது சொல்கிறார்களா?

நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டிய செட்டிங்ஸ்

தேர்ந்தெடுத்த வீடியோவின் கீழே உள்ள சேவ் பட்டனைக் கிளிக் செய்து, புதிய பிளேலிஸ்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதனை "பிரைவேட்" ஆக வைத்துக் கொள்ளுங்கள். இதற்குக் கூகுள் அக்கவுண்ட்டில் நீங்கள் சைன்-இன் செய்திருக்க வேண்டும். தினமும் தேட வேண்டியதில்லை. நீங்கள் முழுதும் பார்த்து முடித்த வீடியோ மட்டுமே குழந்தையின் முன் ஓடும்.

அடுத்து, வீடியோவின் கீழ்ப்பகுதியில் ஆட்டோப்ளே என்ற சிறிய சுவிட்ச் இருக்கும். அதனை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்கும். "யோகா" என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் தலைகீழாக நிற்பவர்களின் சாகச வீடியோக்களும் வரும். குழந்தைக்கு இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. கண்டதைச் செய்து பார்க்கும்.

யூடியூப் கிட்ஸ் என்ற தனிப் பிரிவும் உள்ளது. 2015-ல் அமெரிக்காவிலும் 2016-ல் இந்தியாவிலும் அறிமுகமானது. பெற்றோர் சைன்-இன் செய்து, குழந்தையின் வயதுக்கேற்ப ஒரு புரொபைல் உருவாக்கித் தரலாம். பெற்றோர் அனுமதித்தவை மட்டுமே காட்டப்படும் வசதியும் இதில் உண்டு.

தெரிந்திருக்க வேண்டிய கீகள்

மவுஸைத் தேடி ஓடாமல் கீபோர்டிலேயே இவற்றைச் செய்யலாம். வீடியோவின் மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு முயற்சி செய்யுங்கள்.

கே: வீடியோவை நிறுத்த, மீண்டும் அழுத்தினால் தொடர.
ஜே: 10 விநாடி பின்னால் போக.
எஃப்: முழுத் திரை. எஸ்கேப் கீயை அழுத்தினால் பழைய நிலை.
ஷிப்ட் கீயுடன் கமா கீ: வேகத்தைக் குறைக்க. ஷிப்ட் கீயுடன் புள்ளி கீ: வேகத்தைக் கூட்ட.

வேகத்தைப் பல்சக்கரம் போன்ற செட்டிங்ஸ் ஐகானைக் கிளிக் செய்தும் மாற்றலாம். 0.75 என்று வைத்தால் சின்னக் குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓட வேண்டுமானால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, லூப் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றில் முதலாவதான கே கீதான் மிக முக்கியம். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

திரையைப் பார்த்துக் கொண்டே செய்யலாமா?

எங்கள் தெருவில் 5 வயதுச் சிறுமி ஒருத்தி பாம்பு ஆசனம் செய்வதைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேசை மேல் இருந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். திரையில் அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க, கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கி அண்ணாந்தாள். அருகில் இருந்த அவளுடைய அப்பிச்சி உடனே வீடியோவை நிறுத்தினார். "அங்க பாக்காத கண்ணு, நா சொல்றேன், நீ செய்யி" என்றார். அவள் தலையைத் திருப்பி நேராக வைத்துக் கொண்டாள்.

வீடியோவில் யோகா கற்பதில் உள்ள ஆபத்தும், அதற்கான தீர்வும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. நின்று செய்யும் ஆசனங்களில் திரையைப் பார்க்கலாம். படுத்தும் குனிந்தும் செய்யும்போது பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் ஆசனம் கெடுவதோடு கழுத்தும் பிடித்துக் கொள்ளும். எனவே "பார், நிறுத்து, செய்" என்ற முறையைக் கடைப்பிடியுங்கள். ஓர் ஆசனத்தைக் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள். கே கீயை அழுத்தி நிறுத்துங்கள். பிறகு நீங்கள் வாயால் சொல்ல, குழந்தை செய்யட்டும். முடிந்ததும் அடுத்த ஆசனம்.

லேப்டாப் என்றால் ஒரு சிறிய முக்காலி மேல், குழந்தையின் கண் உயரத்திற்கு வையுங்கள். டிவியில் பெரிதாகப் பார்க்க விரும்பினால் எச்.டி.எம்.ஐ. கேபிளை இணைத்து, விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, டூப்ளிகேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜர் வயர் குழந்தை நிற்கும் இடத்திற்குக் குறுக்கே போகக் கூடாது. தரையில் விரிக்கப் பவானி ஜமுக்காளம் போதும். ஆனால் டைல்ஸ் தரையில் அது வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களை வெறுங்காலுடன் வெறும் தரையில் செய்வதே பாதுகாப்பு.

எதிரே நிற்பவர் வலது கையைத் தூக்கினால் குழந்தை இடது கையைத் தூக்கும். திருத்திக் கொண்டிருக்காதீர்கள். மர ஆசனம் போன்றவற்றை எப்படியும் இரு பக்கமும் செய்யத்தான் போகிறோம்.

செய்யத் தக்கவை, தவிர்க்க வேண்டியவை

தொடக்கத்திற்குத் தாடாசனம், மர ஆசனம், பூனை ஆசனம், பாம்பு ஆசனம், பட்டாம்பூச்சி ஆசனம், கடைசியில் சவாசனம் ஆகியவை போதும். ஒவ்வொன்றிலும் 5 எண்ணும் வரை நின்றால் போதுமானது. மூச்சு இயல்பாக இருக்கட்டும்.

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றில் உடலின் எடை கழுத்திலும் தோளிலும் இறங்கும். வீடியோவைப் பார்த்து இவற்றைக் குழந்தைகள் செய்யக் கூடாது. நேரில் ஆசிரியர் இருக்க வேண்டும். மூச்சை அடக்குவதும், கபாலபாதி போல வேகமாக மூச்சு விடுவதும் வேண்டாம். சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காய்ச்சலோ அடிபட்ட காயமோ இருந்தால் அன்று விடுமுறை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு 1 மணிக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது ஓடி ஆடி இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே 10 நிமிட யோகாவைப் போட்டுவிட்டு விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டோடு யோகாவும் என்பதே சரியான கணக்கு.

நெட் இல்லாத நாளில்

நீங்கள் ஆசனங்களைச் சரியாகக் கற்றபின், உங்கள் குரலில் கதையைச் சொல்லி, நீங்களே செய்து காட்டுவதை மொபைலில் பதிவு செய்யுங்கள். யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் வீடியோஸ் போல்டருக்குக் காப்பி செய்து கொள்ளலாம். விஎல்சி பிளேயர் என்ற இலவச சாப்ட்வேரில் இதனை இயக்கலாம். பழைய யோகா சிடி, டிவிடி வைத்திருப்பவர்கள், டிரைவ் இருந்தால் அவற்றையும் இதிலேயே பார்க்கலாம். அம்மாவோ தாத்தாவோ திரையில் வந்தால் குழந்தைக்குத் தனி உற்சாகம்தான். குழந்தை ஆசனம் செய்யும் வீடியோவை எடுத்தால் மட்டும் அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருங்கள். பொதுவில் ஏற்ற வேண்டாம்.

இரண்டு, மூன்று வாரம் இப்படிச் செய்த பின் ஒரு நாள் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே "இன்று மரம், பூனை, பாம்பு" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை செய்துவிட்டால், நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் இந்த வேலையை நன்றாகவே முடித்துவிட்டது என்று பொருள். இனி புதிய ஆசனம் பார்க்க வேண்டிய நாளில் மட்டும் அதனை ஆன் செய்தால் போதும்.